மண்டபத்துச் சுவர்

18 நவ., திங்கள்

விடியலிலிருந்து அடைமழை. சங்கரன்கோவில் பயணியர் மாளிகை. மழை ஓயும்வரை வெள்ளக் கண்காணிப்பு அதிகாரி வேலை. குடை மறந்தாச்சு.

சென்னையிலிருந்து சாந்தி போன். என்னோடு பணியில் சேர்ந்தவள். "ஐ.ஏ.எஸ். பட்டியல் இந்த வாரம் வந்துடும். உன் பேர் இருக்கு. எந்த வம்புலயும் மாட்டிக்காதே."

துணை ஆட்சியராகச் சேர்ந்த நாளிலிருந்து காத்திருப்பது. இப்போது மாவட்ட வருவாய் அலுவலர். அடுத்த படி அதுதான். நினைக்கக் கூடாது என்று பார்க்கிறேன். முடியவில்லை.

19 நவ., செவ்வாய்

குளம் நிரம்பி வழிகிறது. தண்ணீர் போகும் ஓடையை மறித்து ஒரு கல்யாண மண்டபத்துச் சுவர். அத்தனையும் திரும்பி நெசவாளர் தெருவுக்குள். வீட்டுக்கு வீடு விசைத்தறி. முழங்கால் அளவு தண்ணீர். மோட்டார்கள் கட்டில் மேல். ஒரு அம்மா, மாரியம்மாள், கத்தினாள்: "பாத்துட்டுப் போறதுக்கா வந்தீய?"

தண்ணீரில் இறங்கி ஓடை வரை நடந்தேன்.

சுவரை உடைத்தால் தெரு தப்பும், மண்டபத்துக்குள் தண்ணீர். அங்கே நாளை கல்யாணம். பெண்ணின் அப்பா, பனவடலிசத்திரத்து விவசாயி, கும்பிட்டார். "ஒருநாள் பொறுங்கம்மா. மாப்ளை வீட்டுக்காரவுக வந்துட்டாவ. இனி எங்கன போவேன்?"

மண்டபத்துக்காரர் போனை நீட்டினார். மறுமுனையில் பெரிய இடம். "உங்க பேர் பட்டியல்ல இருக்குல்ல? நாளைக்குப் பாத்துக்கலாமே."

சுவரை இடிக்கும் உத்தரவில் கையெழுத்துப் போடத் தாசில்தார் தயங்கினார். "நான் கையெழுத்துப் போடறேன். என் பொறுப்பு" என்றேன். ஜேசிபி வந்தது.

சுவர் விழுந்ததும் தெருவில் தண்ணீர் இறங்கியது. சந்தோஷப்பட முடியவில்லை. பெண்ணின் அப்பா மண்டபப் படியில் உட்கார்ந்து அழுதார். மாரியம்மாள்தான் போய்ப் பேசினாள். "அழாதீய அண்ணாச்சி. தாலிய கோயில்ல கட்டட்டும். மேட்டுத் தெருவுல எங்க அண்ணன் தறிக்கூடம் பெருசு. பந்திய அங்கன வச்சிருவோம்."

20 நவ., புதன்

மழை விட்டிருக்கிறது. கோமதியம்மன் சன்னிதியில் தாலி. தறிகளுக்கு நடுவே இலை. நூல் வாசமும் சாம்பார் வாசமும். யாரோ: "ஏலே, பாவு நூலு மேல பாயசத்தக் கொட்டிராத!"

நானும் போனேன். போகாமல் இருந்திருக்கலாம். பெண்ணின் அப்பா என் முகத்தைப் பார்க்கவில்லை. ஆனால் என் இலைக்குப் பாயசம் அவரே ஊற்றினார். "சாப்பிடுங்க." அவ்வளவுதான்.

21 நவ., வியாழன்

சேத அறிக்கை. மண்டபத்துக்காரர் வழக்குப் போடுவாராம். போடட்டும். லேசான காய்ச்சல்.

22 நவ., வெள்ளி

பட்டியல் வந்தது. என் பேர் இல்லை. காரணம் எங்கேயும் போட்டிருக்காது. சாந்தி போனில் அழுதாள், நான்தான் சமாதானம் சொன்னேன். பிறகு குளியலறையில், குழாயைத் திறந்துவிட்டு, நான்.

சாயங்காலம் மாற்றல் உத்தரவு. சென்னை. பெயருக்கு ஒரு நாற்காலி, வேலை இருக்காது.

வீட்டுக்காரருக்குப் போன். இத்தனை வருஷமும் அவர் சென்னையில் தனியாக, நான் ஊர் ஊராக. எல்லாம் சொன்னேன்.

"அப்ப திங்கக்கிழமைலேர்ந்து பால் ரெண்டு பாக்கெட் போடச் சொல்லிடட்டுமா?"

சொல்லச் சொன்னேன்.