ஆண்டியப்பன் பலகை

3-2-1954, புதன்

மூன்றாவது விண்ணப்பமும் திரும்பி வந்துவிட்டது. இந்த முறை காரணம் எழுதியிருக்கிறார்கள். இலங்கைக்குப் போக விரும்புவதற்கு மனுதாரர் காட்டியுள்ள காரணம் போதுமானதாக இல்லையாம். மனுதாரர் என் மனைவி பிரகதாம்பாள். காரணம், மகளின் பிரசவம். அது ஒரு நிகழ்ச்சிதானே தவிர காரணம் ஆகாது என்று ஆபீஸில் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

பள்ளிக்கூடத்தில் சுண்ணாம்புக் கட்டி தீர்ந்துவிட்டது. அதற்கும் விண்ணப்பம் போட்டிருக்கிறேன்.

7-2-1954, ஞாயிறு

அமராவதியின் கடிதத்தை மறுபடி படித்தேன். 'போன தடவை பிள்ளை செத்துப் பிறந்தபோது பக்கத்தில் யாரும் இல்லை. இந்தத் தடவை அம்மா வராவிட்டால் நானும் இருக்கமாட்டேன், அப்பா.' ஐந்தாம் வகுப்புவரை நானே சொல்லிக்கொடுத்த பெண். ஒரு பிழைகூட இல்லாமல் எழுதியிருக்கிறாள்.

தலைப்பிரசவத்துக்குப் பெண்ணை அழைத்து வருவதுதான் முறை. இவள் விஷயத்தில் அப்போதே முடியவில்லை, இப்போதும் முடியாது. மருமகன் யாழ்ப்பாணத்தில் புடவைக்கடையில் வேலை பார்க்கிறார். அந்த நாட்டுப் பிரஜை ஆவதற்கு மனு போட்டுக் காத்திருக்கிறார். இவள் அங்கிருந்து ஒரு நாள் வெளியே வந்தாலும் திரும்பிப் போக வழியில்லை. போனதே அனுமதிச் சீட்டு இல்லாமல்தான். இரண்டு வருடங்களுக்கு முன், இங்கே மீன் பிடிக்கும் ராக்கனுடைய வத்தை என்ற பாய்ப்படகில், பொழுது சாயும் நேரத்தில், கல்யாணப் புடவையோடு ஏற்றி அனுப்பினேன்.

வத்தை திரும்பி வந்தது. ராக்கனின் தம்பி ஆண்டியப்பன் வரவில்லை. திரும்பும் வழியில் பாய் சுழன்று அடித்து, உட்கார்ந்திருந்த பலகையிலிருந்து கடலில் தள்ளிவிட்டதாம். செய்தி வந்த மறுநாள், மகள் சுகமாகச் சேர்ந்த கடிதமும் வந்தது. அதைப் படித்ததும் எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். அதை யாரிடமும் சொன்னதில்லை. இங்கே எழுதி வைக்கிறேன்.

9-2-1954, செவ்வாய்

ராக்கனிடம் கேட்டேன். வலையைப் பிரித்துக்கொண்டிருந்தவன் கையை நிறுத்தவில்லை.

"எடம் இல்லீங்க வாத்தியாரய்யா."

"நாலு பலகை இருக்கு. நீங்க மூணு பேருதானே போறீங்க?"

"நாலாவதுல தம்பி இருக்கான்ல."

இந்தக் கரையின் சட்டம் எனக்குத் தெரியாததல்ல. பதினோரு வருடமாக இங்கே இருக்கிறேன். கடலில் போனவன் உடல் கரை ஏறாவிட்டால் அவன் செத்தவன் இல்லை. அவன் உட்கார்ந்த பலகை காலியாகவே போய் வரும். பிடித்த மீனில் அவனுக்கும் ஒரு கூறு வைத்து வீட்டில் சேர்ப்பார்கள். அவன் மனைவி கழுத்துக் கயிறோடு, குங்குமத்தோடு, கல்யாண வீடுகளில் முன்னால் நிற்பாள். வேறொருவர் அந்தப் பலகையில் உட்காரும் நாளில்தான் அவன் சாகிறான். அதற்கு முன்னால் அவள் கயிற்றைக் கழற்றியிருக்க வேண்டும்.

ஆக, செத்தவனுக்கு இடம் ஒதுக்கியாகிவிட்டது. உயிரோடிருப்பவர்கள் காத்திருக்க வேண்டும். நாட்டில் எல்லா இலாகாவிலும் இதுதான் நடைமுறை என்பதால் குறை சொல்வதற்கில்லை.

"கீழே உட்கார்ந்துக்கிட்டா?"

"கீழ இடுப்பு மட்டுக்கும் தண்ணி கெடக்கும். நாங்க எறைக்க எறைக்க அது வந்துக்கிட்டுத்தான் இருக்கும். பத்து மணி நேரம் பொம்பள ஆளு வெறச்சே போகும்."

மற்ற வத்தைக்காரர்கள் பெண்ணை ஏற்ற மாட்டார்கள். ராக்கன் ஒருமுறை ஏற்றினான். விளைவை ஊரே பார்த்தது.

10-2-1954

ஆண்டியப்பன் வந்திருந்தான்.

11-2-1954, வியாழன்

நேற்று எழுதியதைப் படித்துப் பார்த்தேன். கல்வி இலாகா பேயை ஒப்புக்கொள்வதில்லை. ஆகவே இப்படித் திருத்திக்கொள்கிறேன்: பள்ளி விட்ட பிறகு, வராந்தாவின் கோடியில், உப்புத் தண்ணீர் சொட்டச் சொட்ட ஒருவர் நின்றார். என்னைப் பார்க்கவில்லை. கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாத்தியார் வேலை முடியட்டும் என்று காத்திருக்கிற ஆளின் மரியாதையோடு நின்றார். இரண்டு வருடங்களாக மாதம் ஒரு தடவை. இந்த மாதம் இது மூன்றாவது.

மகளை அனுப்பிய அன்று வத்தையில் ஏறும்போது கடைசியாக அவன் சொன்னது: "மனசப் போட்டு ஒழப்பிக்காதீங்க, பாப்பாவ சேத்துட்டுத்தான் மறுவேல." சேர்த்துவிட்டான். மறுவேலைதான் கிடைக்கவில்லை.

14-2-1954, ஞாயிறு

பள்ளிக்கூடத்துப் பூகோளப் படத்தில் அளந்தேன். இந்தக் கரைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் நடுவே உள்ள கடல் என் கட்டைவிரல் நகத்தின் அகலம். நகத்தை இரண்டு வாரமாக வெட்டவில்லை என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ராக்கனிடம் காட்டினேன். வெகு நேரம் பார்த்துவிட்டு, "இதுல காத்து எங்கிட்டு இருக்கு?" என்றான்.

வாடைக்காற்று மாசியில் ஓயும். சித்திரை பிறந்தால் தென்மேற்கே இருந்து கச்சான் காற்று ஆரம்பித்துவிடும். இடையில் பத்துப் பதினைந்து நாள் கடல் கண் மூடிக் கிடக்கும். அந்த இடைவெளியில்தான் போக வேண்டும். பங்குனி நடுவில் பிரசவம். எல்லாம் பொருந்தி வருகிறது, அந்தப் பலகை ஒன்றைத் தவிர.

"நீங்க போறதுன்னாலும் இதே பேச்சுத்தான்" என்றான் ராக்கன். நான் போவதாக யாரும் சொல்லவில்லை. எனக்குக் கடல் என்றால் பயம். வகுப்பில் கடல் பாடம் நடத்தும்போது குரலை உயர்த்திக்கொள்வேன். பிரகதாம்பாளோ திருக்கோகர்ணத்துக்காரி. கோயில் சுனையை விட்டால் வேறு தண்ணீரை இறங்கிப் பார்க்காதவள். "எப்பப் போறோம்?" என்று மட்டும் கேட்கிறாள்.

18-2-1954, வியாழன்

இன்றும் வராந்தாவில். என்ன கேட்கிறாய்? கேட்டால் சொல்லேன். நானும் கேட்கத்தான் போகிறேன், உன் வீட்டில்.

20-2-1954, சனி

செவந்தியிடம் போனேன். ஆண்டியப்பனின் மனைவி. முப்பது வயதுகூட இருக்காது. கூரைக்கு வெளியே காரல் மீனைக் காயப் போட்டுக்கொண்டிருந்தாள். ஐந்து வயது மகள் முத்துமாரி காக்கை விரட்டிக்கொண்டிருந்தது. வழியெல்லாம் நான்கு வாக்கியங்கள் தயார் செய்திருந்தேன். முதல் வாக்கியத்துக்கே அவள் இடம் தரவில்லை.

"அமராவதிக்கு எத்தன மாசம்?"

"எட்டு நடக்குது."

"மொதப் புள்ள செத்துத்தானே பொறந்துச்சு?"

"ஆமா."

"பலகைக்குத்தானே வந்திருக்கீங்க?"

தலையை ஆட்டினேன். ஆட்டினேனா, குனிந்தேனா?

"மகளக் கொண்டுபோய் விட்டுட்டுத்தான் இவரு போனாரு. இப்ப அம்மாக்காரி போகணும். ஒங்க ஒரு குடும்பத்துக்கு இந்தக் கடல்ல இன்னும் எம்புட்டுத்தான் வேணும் வாத்தியாரய்யா?"

பதினேழு வருடம் இலக்கணம் நடத்தியவன் முத்துமாரியோடு சேர்ந்து காக்கை விரட்டினேன். அவள் ஒரு கூடை மீனையும் பரப்பி முடித்தாள். பிறகு எழுந்து கையைக் கழுவினாள்.

"வெள்ளிக்கெழம வேணாம். வத்தை கெளம்புறதுக்கு ரெண்டு நா முன்னாடி சொல்லுங்க. வியாழக்கெழமையாப் பாத்துக் கழட்டிர்றேன்."

"செவந்தி—"

"போயிட்டு வாங்க. நீங்க நன்றி கின்றின்னு எதாச்சும் சொன்னா நான் மனசு மாறிருவேன்."

21-2-1954

எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. இப்படி ஒரு உறுத்தலான நாளை நான் கண்டதில்லை.

4-3-1954, வியாழன்

காலையில் நடந்தது. பெண்கள் ஏழு பேர் செவந்தியை அலை தொடும் இடத்துக்கு அழைத்துப் போனார்கள். ஆண்கள் பார்க்கக் கூடாது. நான் பள்ளிக்கூடத்தில் ஏழாம் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். பிள்ளைகளின் சத்தத்தையும் மீறி ஒரே ஒரு குரல் கேட்டது. வாய்ப்பாட்டை நிறுத்தவில்லை. ஏழேழு நாற்பத்தொன்பது.

பிரகதாம்பாளும் போயிருந்தாள். வந்தவள் என்னோடு பேசவில்லை. பிரசவ லேகியத்துக்குச் சுக்கு இடித்துக்கொண்டே இருந்தாள். மாவான பிறகும் இடித்தாள்.

6-3-1954, சனி

மாலை நாலரைக்குக் கிளம்பினார்கள். ராக்கன், பாய் பிடிக்கக் கண்ணுசாமி, தண்ணீர் இறைக்க ரெங்கசாமி, பிரகதாம்பாள். லேகியச் சட்டியைத் துணியில் கட்டி மார்போடு வைத்திருந்தாள். ரெங்கசாமி தோள் கொடுத்து ஏற்றினான். "ஆத்தா, அங்கிட்டுப் போயி எங்களுக்கும் ஒரு புடவைக்கடை பாத்து வைங்க" என்று கேலி செய்தான். அவள் சிரித்தாள். நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். "குடை எடுத்துக்கிட்டியா?" என்று கேட்டேன்.

அலை தாண்டும்வரை அவள் நின்றுகொண்டிருந்ததுதான் தெரிந்தது. பிறகு பாய் மறைத்துவிட்டது.

7-3-1954

காற்று இல்லை. நல்லதா, கெட்டதா? யாரைக் கேட்பது? கேட்க வேண்டியவர்கள் எல்லாரும் கடலில் இருக்கிறார்கள்.

8-3-1954

காற்று இருக்கிறது. அதுவும் பிடிக்கவில்லை.

9-3-1954, செவ்வாய்

இன்ஸ்பெக்டர் வந்தார். பிள்ளைகளிடம் கடல் எத்தனை வகை என்று கேட்டார். ஒரு பயல் எழுந்து, "ஒண்ணுதான் சார், அதே போதும்" என்றான். இன்ஸ்பெக்டர் சிரித்தார். நானும் இலாகா நடைமுறைப்படி சிரித்தேன். வராந்தாவில் யாரும் இல்லை. செவந்தி கயிற்றைக் கழற்றியதிலிருந்து ஐந்து நாளாக இல்லை. அவன் எங்கே போயிருப்பான் என்று யோசிக்காமலிருக்க வருகைப் பதிவேட்டைக் கூட்டினேன்.

11-3-1954, வியாழன்

வத்தை திரும்பிவிட்டது. மூன்று பேர். கடற்கரைக்கு ஓடினேன். ஓடி எத்தனை வருடமாயிற்று! ராக்கன் தூரத்திலேயே கையை உயர்த்தி, "சேத்தாச்சு, சேத்தாச்சு" என்றான். நான் அங்கேயே மணலில் உட்கார்ந்துவிட்டேன்.

வரும் வழியில் பிடித்த மீனை மூன்று கூறாகப் பிரித்தார்கள். நான் பார்த்தேன். செவந்தி பார்க்க வரவில்லை.

2-4-1954, வெள்ளி

கடிதம். பெண் குழந்தை. உயிரோடு. அமராவதியும் உயிரோடு. கொடி சுற்றியிருந்ததாம், மருத்துவச்சி கைவிட்ட பிறகு பிரகதாம்பாள்தான் பிள்ளையைத் தலைகீழாகப் பிடித்து அழவைத்தாளாம். போதுமான காரணம் இல்லாமல் போனவள்.

9-5-1954, ஞாயிறு

பிரகதாம்பாள் வந்துவிட்டாள்! போன வாரம் அங்கே போலீஸ் வீடு வீடாகச் சீட்டுக் கேட்டபோது பிடிபட்டாள். அமராவதி பிள்ளையோடு அடுத்த வீட்டில் இருந்ததால் தப்பினாள். நான்கு நாள் ஒரு கொட்டகையில் வைத்திருந்து, தலைமன்னாரில் கப்பலேற்றித் தனுஷ்கோடியில் இறக்கிவிட்டார்கள். மூன்று விண்ணப்பத்துக்கும் கிடைக்காத கப்பல் பயணம், அரசாங்கச் செலவில். இந்த வழியை விண்ணப்பத்தின் கீழே அடிக்குறிப்பாகப் போட்டிருந்தால் மக்களுக்கு உதவியாக இருக்கும்.

இளைத்துவிட்டாள். இடுப்புக்குக் கீழே மரத்துப்போகிறது என்கிறாள். குழந்தைக்கு என் மூக்காம். பாவம்.

10-5-1954, திங்கள்

ஏன் இடுப்பு மரத்துப்போகிறது என்று கேட்டேன்.

"தண்ணியில உக்காந்தே போனதுங்க."

"எந்தத் தண்ணி?"

"வத்தைக்குள்ள கெடக்குமே."

"பலகை?"

சேலையை இழுத்துக் காலை மூடிக்கொண்டாள். அப்புறம் சொன்னாள். "எப்பிடி உக்கார்றது? அந்த வியாழக்கெழம அவ கழுத்தப் பாத்துட்டு வந்தேன். ரெண்டு நாளா கண்ணுக்குள்ளயே நிக்குது. ராக்கண்ணன் மூணு வாட்டி சொல்லுச்சு, ஏறி உக்காருங்க ஆத்தா, ஏறி உக்காருங்கன்னு. நான் அந்தப் பலகையக் கையால கட்டிக்கிட்டுக் கீழயே கெடந்தேன். பத்து மணி நேரமும்."

"ஏன் எழுதல?"

"ஒங்களுக்கா? நீங்க எழுத்துப்பிழை பாப்பீங்க."

பலகையில் யாரும் உட்காரவில்லை. யாரும் உட்காரவே இல்லை. அப்படியானால் அவள் எதற்காகக் கழற்றினாள்? யார் சொல்லிக் கழற்றினாள்?

11-5-1954, செவ்வாய்

ராக்கனைத் தனியாகப் பிடித்தேன். மறுக்கவில்லை.

"தெரிஞ்சுக்கிட்டே ஏம்ப்பா ஒன் தம்பிக்குக் கூறு வைக்கிறத நிறுத்துனே?"

"நடுக்கடல்ல உக்காந்தாகளா இல்லையான்னு யாரு பாத்தா? இவ கழட்டுனத ஊரு பாத்துச்சு. திருப்பிக் கட்டச் சொல்றீகளா? யாரு வந்து கட்டுவா, சொல்லுங்க?"

"செவந்திகிட்டயாவது சொல்லணும்."

"சொல்லி?" என்றான். "ரெண்டு வருசமா வாசல்ல சத்தம் கேட்டா எந்திரிச்சு எந்திரிச்சு உக்காந்துச்சு. இப்பத்தான் தூங்குதாம். போயி எழுப்புங்க, வாத்தியாரு வேல அதுதானே."

வீட்டுக்கு வந்துவிட்டேன்.

23-5-1954

செவந்தி வெள்ளைச் சேலையில் கருவாட்டுக் கூடையோடு அறந்தாங்கி பஸ் ஏறுவதைப் பார்த்தேன். குனிந்து என் செருப்பு வாரைச் சரிசெய்தேன். அது சரியாகத்தான் இருந்தது.

14-6-1954, திங்கள்

பள்ளி திறந்தது. சேர்க்கை. பதினோராவதாகச் செவந்தி வந்தாள், முத்துமாரியை அழைத்துக்கொண்டு. பிள்ளைக்குத் தலையில் எண்ணெய் வழிந்தது. பெயர், வயது, ஊர் எல்லாம் எழுதினேன். தகப்பனார் பெயர், ஆண்டியப்பன். அடுத்த கட்டத்தில் 'இருக்கிறாரா' என்று அச்சடித்திருக்கிறது. அங்கே என் பேனா நின்றது.

"என்ன போடட்டும்மா?"

அவள் என்னைப் பார்த்தாள்.

"மாசி மாசம் எங்கிட்ட வந்து கேட்டு முடிவு பண்ணிட்டுப் போனீங்க. இப்பத் திரும்பவும் கேக்குறீங்க?"

சொல்லியிருக்கலாம். அந்தக் கணம்தான். பின்னால் வரிசையில் ஒன்பது தாய்மார்கள் நின்றார்கள். வாசலுக்கு வெளியே, வராந்தாவில், எண்ணெய்த் தலையோடு இன்னும் சில பிள்ளைகள் மட்டுமே.

எழுதினேன்.

"என்ன எழுதுனீங்க? படிங்க" என்றாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது.

"காலமானார்" என்று படித்தேன். வகுப்பில் படிக்கிற குரலில், ஒவ்வொரு எழுத்தும் கேட்கும்படி.

"கையெழுத்துப் போடுங்க" என்றாள். "அப்பறம் யாரும் வந்து மாத்தப்புடாது."

போட்டேன்.