பாறைப் பூவைச் சூளையில் வைத்த விவரம்

விருத்தாசலம்,
14.11.2006

அன்பு மருமகள் சிவசங்கரிக்கு உன் தாய்மாமன் எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சுகம். கொடைக்கானல் குளிரில் நீ காதை மூடிக்கொண்டு நடக்கிறாய் என்று நம்புகிறேன்.

நேற்று போனில் அழுதுவிட்டு வைத்துவிட்டாய். அப்போது எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. இப்போது விளங்குகிறது; நடந்ததை எழுதுகிறேன்.

தீபாவளிக்கு வந்தபோது, பேப்பருக்குள் அழுத்திக் காயவைத்த அந்தப் பூவைக் கொடுத்து, "புரொபசர் பேருக்கு ரிஜிஸ்டர் தபால்ல அனுப்பிடுங்க மாமா" என்றாய். அதைப் பற்றி நீ சொன்னதெல்லாம் எனக்கு மனப்பாடம். செங்குத்துப் பாறை வெடிப்பில்தான் முளைக்கும். ஊதா மணி. இதழ்கள் ஒட்டிப்போய், விளிம்பில் மட்டும் ஐந்தாகப் பிரியும். கிள்ளினால் பால் வரும். நடுத்தண்டு முதலில் மகரந்தத்தைச் சுமந்துவிட்டு, அப்புறம்தான் நுனியை மூன்றாகப் பிளக்கும். பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் சொன்னேன். திட்டக்குடி வாத்தியார் ஒருவர் எழுந்து நின்று கேட்டார். கயிறு கட்டி இறங்கிப் பறித்தவன் நான்தான் என்றும் சேர்த்துக்கொண்டேன்.

அவ்வளவு பெருமையுள்ள பூ தபாலில் நொறுங்கலாமா? நம் ஊர் ராஜாங்கத்தின் பீங்கான் பொம்மைப் பட்டறையில், பொம்மையின் பாவாடைக்கு வலைத்துணியைக் களிமண் கரைசலில் தோய்த்துச் சூளையில் வைப்பார்கள். வலையின் ஒவ்வொரு கண்ணும் அப்படியே பீங்கானாகிவிடும். அவன் சேத்தியாத்தோப்பு போயிருந்த நாளில் பூவை அதேபோல் தோய்த்து வைத்துவிட்டேன். வெள்ளை வெளேரென்று வந்தது. நரம்புகூடத் தெரிந்தது.

"பூ எங்க மாமா?" என்று நேற்று போனில் நீ கேட்டபோது, சூளையில் வைத்ததைச் சொல்லி, "உள்ளதான் பத்திரமா இருக்குது, ஒடச்சு எடுத்துத் தரேன்" என்றேன். அதற்குத்தான் அழுதாய். இந்த வருஷம் உனக்குக் கிடைத்தது அது ஒன்றுதான், அதைப் பார்க்காமல் புரொபசர் உன் ஆராய்ச்சியில் கையெழுத்துப் போடமாட்டார் என்றாய்.

போனை வைத்ததும் விளிம்பைத் தட்டி உடைத்தேன். உள்ளே ஒரு காகிதம் நுழையும் அளவுக்கு இடைவெளி. வேறொன்றும் இல்லை. "இரும்பே செவக்கிற எடத்துல பூவு கெடக்குமாண்ணே?" என்று ராஜாங்கம் கேட்டான். நாற்பது வருஷமாக இந்த ஊர்ச் சூளைகளைப் பார்க்கிறேன். எனக்கு ஏன் தோன்றவில்லை?

உன் புரொபசரிடம் என் பேரைச் சொல். கூப்பிட்டால் நேரில் வந்து கைகட்டி நிற்பேன். கூட ஒரு வார்த்தை சேர்க்கமாட்டேன். அடுத்த பூ பூக்கும்வரை அந்தப் பாறையடியில் உட்காரச் சொன்னாலும் உட்காருவேன்.

நீ நல்லா இருக்கணும், சாமி. சனிக்கிழமை ஆறு மணிக்குப் போன் பக்கத்திலேயே இருப்பேன். திட்டுவதற்காவது கூப்பிடு.

உன் மாமன்,
கொளஞ்சியப்பன்