பத்து மடங்கு போதும்

அன்புள்ள பாப்பாவுக்கு,

எத்தனை கல்லுக்குத் தப்பான பேர் சொன்னால் ஒரு ஆளை வேலையை விட்டு அனுப்புவார்கள் என்று கேட்டிருக்கிறாய். எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி ஆறுதல் சொல்லவும் எனக்கு வராது. நானும் அப்பாவும் நலம், அவருக்கு முழங்கால் வலி மட்டும் அப்படியே இருக்கிறது. நீ வேளைக்குச் சாப்பிடுவதாக எழுதியிருப்பதை நான் நம்பவில்லை.

பளிங்குக் கல்லை, பார்வைக்கு அதே மாதிரி இருக்கும் குவார்ட்சைட் கல் என்று எழுதிக் கொடுத்து மேலதிகாரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதையும், திங்கட்கிழமை அவர் முன்னால் இருபது கல்லைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்பதையும், அதற்குள் முப்பது மடங்கு பெரிதாகக் காட்டும் லென்ஸ் வாங்கப் போகிறாய் என்பதையும் படித்தேன். வாங்காதே. இருபத்திரண்டு வருஷமாகக் கல்லூரியில் கல் மாதிரிகள் வைக்கும் அறையைப் பார்த்துக்கொள்கிறவளாகச் சொல்கிறேன், முப்பது மடங்கில் கடுகளவு இடம்தான் தெரியும், அதுவும் மங்கலாக, கை கொஞ்சம் ஆடினால் அதுவும் போச்சு. பத்து மடங்கு போதும். கடையிலேயே ஒரு அச்செழுத்தைப் பார், ஓரத்தில் எழுத்து வளைந்தால் அந்த லென்ஸை வைத்துவிட்டு வா. கல்லின் மேல் நீட்டிப் பிடிக்காமல், லென்ஸைக் கண்ணோடு ஒட்டி, கையைக் கன்னத்தில் ஊன்றி, தெளியும்வரை கல்லைக் கிட்டே கொண்டுவா, வெளிச்சம் கல்லின் மேல் விழட்டும், மற்றக் கண்ணை மூடாதே. மேல்தோல் ஏமாற்றும், உடைத்த புது முகத்தைப் பார். திருப்பும்போது பளிங்கின் மணிகள் தட்டையாக மின்னும், குவார்ட்சைட் உடைந்த கண்ணாடி போல இருக்கும். அப்புறமும் சந்தேகமானால் கத்தியால் கீறு, பளிங்கில் கோடு விழும், குவார்ட்சைட்டில் விழாது. இதை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். கால்ல இடிச்சுக்கிட்டா எல்லாக் கல்லும் ஒண்ணுதான்னு எழுது என்றார்.

தைரியமாக இரு என்று எழுத மாட்டேன், நிதானமாக இரு. எங்கள் இருவர் ஆசியும் உனக்கு உண்டு. வெயிலில் போகும்போது தண்ணீர் எடுத்துக்கொள்.

இப்படிக்கு,
அம்மா

மறுநாள்: உறையை ஒட்டுவதற்கு முன், எழுதியது சரிதானா என்று பார்க்க அந்த இரண்டு வகைக் கல்லையும் கல்லூரி அலமாரியிலிருந்து எடுத்தேன். குவார்ட்சைட் என்று என் கையெழுத்தில் சீட்டு ஒட்டிய கல், லென்ஸில் தட்டையாக மின்னியது. கீறினேன், கோடு விழுந்தது. சீட்டில் தேதி பத்தொன்பது வருஷத்துக்கு முந்தையது. துறைத் தலைவரிடம் போய்ச் சொன்னேன்.

"இத்தனை வருஷமா பசங்க ஒருத்தரும் பாக்கலையாம்மா?" என்றார்.

"பாத்தாங்க சார். சீட்டைப் பாத்தாங்க."

அவர் சிரிக்கவில்லை. நான் சீட்டை மாற்றி எழுத உட்கார்ந்தேன். வேண்டாம், நாளை வகுப்புக்கு அதைச் சீட்டில்லாமல் வையுங்கள் என்றார். வைத்திருக்கிறேன்.