தராசில் வைத்த கால்

ஆகஸ்ட் 20, செவ்வாய். பிலிமத்தலாவை.

கடையில் அரிசி மூட்டை நிறுக்கும் தராசில் ஏறும் பிள்ளைகளை ஏமாற்றுவது என் வழக்கம். பின்னால் நின்று தட்டைக் காலால் மெல்ல அழுத்துவேன். முள் ஓடும். "உம்மாட சோத்தையும் சேத்துத் திண்டீங்களா மகள்?" என்பேன். கடையே சிரிக்கும். இந்த வயதுக்கு என்னிடம் உள்ள ஒரே வித்தை இதுதான்.

இன்று, என்னை அண்ணன் முறையில் 'நானா' என்று கூப்பிடும் பக்கத்து வீட்டு பரீனா தன் நான்கு வயது மகள் சுமையாவைக் கூட்டி வந்தாள். வழக்கம்போல அழுத்தினேன். எல்லோரும் சிரித்தார்கள். பரீனா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ரெண்டு கிலோ கூடியிருக்கு நானா, அல்ஹம்துலில்லாஹ். இந்த மாசமும் நிறை கூடாட்டி பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போகச் சொல்லி கிளினிக் மிஸ் சொன்னாங்க. நாளைக்குப் போக இருந்த. இனித் தேவையில்ல தானே?"

பிள்ளைக்கு ஒரு டொபி கொடுத்து அனுப்பினேன்.

உண்மையைச் சொல்ல இரண்டு தரம் போனை எடுத்து வைத்துவிட்டேன். விடியற்காலை சுபஹ் தொழுததும் நேரில் போய்ச் சொல்ல வேண்டும். அவள் என்னை ஏசட்டும்.

பிள்ளையைத் தராசிலிருந்து தூக்கி இறக்கியதும் நான்தான். முப்பது வருடமாக மூட்டை தூக்கும் கை இது. அந்தக் கைக்கு அப்போதே தெரிந்தது, பிள்ளையிடம் பாரமே இல்லை என்று.