கூட்டிப் பெருக்கிய கொட்டகை

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே நல்லபடியாக இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் சுகமாக இருக்க வேண்டும். பேத்தி மேடையேறிப் பரிசு வாங்கிய படத்தைக் கொட்டகையில் ஒருத்தி விடாமல் காட்டிவிட்டேன்.

எனக்கு இப்போது ஒரே குழப்பம். போன வருஷம் நாங்கள் குப்பை பிரிக்கிற கொட்டகையை ஆராய்ச்சி செய்யக் கல்லூரி ஆட்கள் வந்தார்களே, படித்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்ளக் கூடாது என்று நான்தான் எல்லோரையும் விரட்டி, முதல் நாளே குப்பையில் வருகிற ஆஸ்பத்திரி ஊசி, உடைந்த கண்ணாடி எல்லாம் அள்ளி வெளியே போட்டு, தரையைக் கழுவி, நல்ல சேலையில் நிற்க வைத்தேன். அவர்கள் பார்த்ததை எழுதினார்கள், இடம் சுத்தம், ஆபத்து இல்லை என்று. அதைக் காட்டியே நகராட்சியில் எங்களுக்குக் கையுறை கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள். போன மாதம் என் பக்கத்தில் நின்று குப்பை பிரிக்கிற அந்த வெண்கலத் தொண்டைக்காரிக்கு உள்ளங்கையில் ஊசி ஏறிவிட்டது. “நீ பெருக்குன பெருக்குல கையுறையும் சேந்து போச்சுடி” என்று எல்லோர் முன்னாலும் கேட்டாள், அதோடு என்னோடு பேச்சில்லை.

இப்போது வேறொரு பேராசிரியை வருகிறார். கவிழ்த்துப் போட்ட கூடைமேல் உட்கார்ந்துகொண்டு, “எதை ஆராயணும்னு நீங்களே சொல்லுங்கம்மா, கேள்வியும் நீங்களே எழுதுங்க, கடைசியில உங்க பேரும் எங்க பேரோட வரும்” என்கிறார். அஞ்சாம் வகுப்போடு நின்றவள் கேள்வி கேட்டால் பரீட்சை யாருக்கு? ஒன்றும் பிடிபடவில்லை. மனசு கேட்காமல், போன தடவை கழுவி வைத்தது நான்தான் என்று சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று நினைத்தேன். “வர்ற நாளை முன்னாடியே சொல்லிட்டு வந்தது எங்க ஆளுங்க தப்பும்தான், அதையே முதல்ல ரெண்டு பேரும் சேந்து எழுதுவோம்” என்றார். தப்பில் பங்கு கேட்கிற படித்தவரை இப்போதுதான் பார்க்கிறேன், நம்புவதா வேண்டாமா?

கையுறை திரும்ப வர வேண்டுமே என்று ஒரு கேள்வி எழுதினேன், இதுவரை எத்தனை தடவை ஊசி குத்தியது என்று. முதலில் வெண்கலத்திடமே போய்க் கேட்டேன். முறைத்தாள், பிறகு விரல்விட்டு எண்ணிப் பதினேழு என்றாள். “உன் கணக்கை எழுதிட்டியா?” என்று திருப்பிக் கேட்டாள். நான் எழுதவில்லை. கேட்கிறவள் பக்கம் உட்கார்ந்ததும் என் கையே எனக்கு மறந்துவிட்டது. உன்னிடமும் இத்தனை நாள் சொன்னதில்லை மகளே, எனக்கு ஒன்பது.

பயப்படாதே, ரத்தம் கொடுத்துச் சோதித்தாயிற்று, ஒன்றுமில்லை. நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் இருக்க வேண்டும். அப்பாவிடம் போனில் இந்த ஒன்பதை உளறிவிடாதே.

இப்படிக்கு,
உன் அம்மா