மூன்றாவது பிழை

14-7-98, செவ்வாய்

மில்லுக்கு வரும் ஒவ்வொரு லோடு பஞ்சுக்கும் லாட் நம்பர் போட்டு, ஈரப்பதத்தைச் சோதித்து, மதுரை ஆபீஸ் சர்வருக்கு அனுப்புவது காளிமுத்து அண்ணன் வேலை. அந்த எண்ணை வைத்துத்தான் லோடுக்கு விலை போடுவார்கள். வாரத்தில் இரண்டு நாளாவது "லைன் கெடைக்கலப்பா" என்பார். வேலைக்குச் சோம்பி மோடம் ஒயரைப் பிடுங்கிவிடுகிறார் என்றே மூன்று மாதமாகச் சந்தேகப்பட்டேன்.

புரோகிராம் எழுதியவன் நான்தான். சர்வரில் எந்தக் கோளாறு வந்தாலும் ஒரே எக்ஸெப்ஷனில், அதாவது ஒரே பிழையாகப் பிடித்து, 'லைன் இல்லை' என்று காட்டும்படி விட்டிருந்தேன். அவரைக் கையும் களவுமாகப் பிடிக்கத்தான் நேற்று அதை மூன்று பிழைகளாகப் பிரித்தேன்: லைன் இல்லை, சர்வர் பதில் தரவில்லை, சர்வர் மறுத்தது.

இன்று மத்தியானம் அவர் அனுப்பும்போது பக்கத்திலேயே நின்றேன். திரையில் மூன்றாவது வந்தது. 'சர்வர் மறுத்தது: இந்த லாட்டின் ஈரப்பதம் ஏற்கெனவே பதிவாகியுள்ளது.'

"ரெட்டியபட்டி லோடு காலையிலதானப்பா எறங்குச்சு. என்னத் தவிர யாரும் பஞ்சத் தொடலயே" என்றார். பிறகு என் முகத்தைப் பார்க்காமலே, "இதுக்குத்தான் இம்புட்டு நாளா என்னய ஒரு மாதிரி பாத்தியாக்கும்?" என்று கேட்டார்.

மதுரைக்குப் போன் போட்டு, ஒரு லாட்டைச் சர்வர் மறுக்கிறது, ஏற்கெனவே பதிவாகியிருப்பதாக மெசேஜ் வருகிறது என்று ஆபீஸ் மேனேஜரிடம் சொன்னேன்.

"அந்த மெசேஜப் பழையபடி 'லைன் இல்லை'ன்னே மாத்திருங்க தம்பி. ஆளுக கொழம்பிருவாக."

சரி என்று வைத்துவிட்டேன். படுத்த பிறகுதான் உறைக்கிறது. எந்த லாட் என்று மேனேஜர் கேட்கவே இல்லை.