பத்து நகங்களுக்கு ஒரே சாட்சி

அப்பா,

இன்று காலை மத்திகிரி ஸ்டாப்பில் கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருந்த ஓர் அக்கா, நின்றபடியே நெயில் பாலிஷை அழித்துக்கொண்டிருந்தார். அந்த ரிமூவர் வாசனை மூக்கில் ஏறியதும் எனக்குக் கால் நகரவில்லை. டவுன் பஸ் போய்விட்டது. லேட்டாகப் போய், மிஸ்ஸிடம் வயிறு சரியில்லை என்றேன். உன் மகன் ஒரு நாளைக்குச் சொல்லும் பொய்களில் அது சின்ன சைஸ்.

உனக்கு வந்த நோயும் முதலில் சின்னதுதான். கடைவாயில் ஒரு சொத்தைப் பல். அது வலித்து அடங்கிய பிறகு காய்ச்சல் வந்தது, போனது, திரும்ப வந்தது. "உன் காய்ச்சலும் ஷிஃப்ட் மாறிமாறி வருதுப்பா" என்று கிண்டல் செய்தேன். முதல் டாக்டர் டைபாய்டு என்றார். முதுகு வலி சேர்ந்ததும் இன்னொருவர், பிரஸ் மெஷின் முன்னால் நின்று நின்று டிஸ்க் தேய்ந்துவிட்டது என்று இடுப்புக்குப் பெல்ட் கொடுத்தார். மூன்றாமவர் மத்திகிரி என்றதுமே, மாட்டுப் பண்ணைப் பக்கமா, காய்ச்சாத பால் குடிப்பீர்களா என்று விசாரித்தார். பாலைக் கண்டாலே முகம் சுளிக்கிற ஆள் நீ. ஆளாளுக்கு ஒரு காரணம் கிடைத்தது. உனக்கோ பேண்ட் இடுப்பில் நிற்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஷிஃப்ட் முடிந்து வந்து, அடித்துப் போட்ட மாதிரி தூங்கினாய். தங்கச்சிப் பாப்பாவின் மெரூன் நெயில் பாலிஷ் பாட்டிலை எடுத்து, உன் விரல்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பூசினேன். இது நகைச்சுவை இல்லை, நகச்சுவை என்று வசனம்கூடத் தயாராக இருந்தது. நீ எழுந்து கையைப் பார்த்துச் சிரித்தாய். "பாப்பா வேலையா?" என்றாய். வசனத்தை விழுங்கிவிட்டேன். அதை அழிக்காமலே இரண்டு ஷிஃப்ட் போய், கம்பெனி லைனில் எல்லாரிடமும் கிளவுஸைக் கழற்றிக் காட்டியிருக்கிறாய். அதன் பிறகு உன்னால் நிற்கவே முடியவில்லை.

பத்தாவது நாள் உனக்கு மூச்சு இழுத்தது. ஓசூரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ஆக்ஸிஜன் அளவு பார்க்க விரலில் மாட்டும் கருவி பாலிஷுக்கு மேல் எதையும் காட்டவில்லை. நர்ஸ் அக்கா என்னை எதிரே இருந்த ஃபேன்ஸி ஸ்டோருக்கு விரட்டினார். நான் வாங்கி வந்த ரிமூவரில் பஞ்சை நனைத்துத் துடைத்தார். மெரூன் போன இடத்தில், நகத்துக்கு அடியில், சிராய் ஏறிய மாதிரி கருஞ்சிவப்பாக மெல்லிய கோடுகள். அவர் அடுத்த விரலைத் துடைக்கவில்லை. டாக்டரைக் கூப்பிட்டார்.

அந்தக் கோடுகள் எப்போது வந்தன என்று டாக்டர் கேட்டார். "மெஷின்ல அடிபடுறதுதான் சார். எப்பவும் இருக்கும்" என்றாய். கையால் வேலை செய்கிறவர்களுக்கு அப்படி வருவது உண்டாம். அவர் தலையாட்டி உன் கையைக் கீழே வைத்தார்.

எப்பவும் இருக்கவில்லை என்பது உலகத்திலேயே எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும். சொன்னால் நான் மாட்டுவேன். அதைவிட, உன் பாப்பா பூசியது இல்லை என்று உனக்குத் தெரிந்துவிடும்.

"எப்பவும் இருக்காது சார். பத்து நாளைக்கு முன்னாடி ஒரு கோடுகூட இல்ல. நாந்தான் பூசுனேன். பத்து வெரலையும் தூக்கிப் பாத்துத்தான் பூசுனேன்."

"வெளையாடுறியா தம்பி?"

"இல்ல சார். அப்புறம் ரெண்டு ஷிஃப்ட்தான் போனாரு. அதுவும் கிளவுஸ் போட்டுட்டு."

டாக்டர் என்னையே பார்த்தார். பிறகு உன் மார்பில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து, கண்ணை மூடி, வெகுநேரம் கேட்டார். பல் ஏதாவது வலித்ததா என்றார். அதுவரை யாருமே கேட்காத கேள்வி. சாயங்காலம் ஸ்கேனில் தெரிந்தது. பல்லில் இருந்த கிருமி ரத்தத்தில் இறங்கி இதய வால்வில் ஒட்டிக்கொண்டு, அங்கிருந்து துணுக்குத் துணுக்காக உடம்பெங்கும் போய்க்கொண்டிருந்தது. காய்ச்சல், முதுகு வலி, நகக் கோடு எல்லாம் அதன் வேலை. நம்மைப் போலவே வாடகைக்கு வந்திருக்கிறது, ஆனால் வீட்டை இடிக்கிறது என்றேன். நீ சிரித்தாய். டாக்டர் சிரிக்கவில்லை.

அவர் போன பிறகு மெதுவாகக் கேட்டாய். "அப்ப பாப்பா பூசலயாடா?"

"இல்லப்பா."

"லைன்ல எல்லாருகிட்டயும் காட்டுனனேடா." அவ்வளவுதான். திட்டவில்லை.

பெங்களூருக்கு மாற்றினார்கள். மருந்து ஏறிக்கொண்டே இருந்தது. அங்கிருந்த டாக்டர், தினமும் காலையில் அப்பா நகத்தைப் பார், புதிதாகக் கோடு வந்தால் உடனே சொல், அதன் பிறகு வால்வை மாற்றுவதைத் தள்ளிப்போட முடியாது என்றார். ஆபரேஷனை இந்த உடம்பு தாங்குமா என்று அம்மா கேட்டதற்கு அவர் நேராகப் பதில் சொல்லவில்லை. நீ காலையில் பிரேயரில் நிற்கும் பையன் மாதிரி இரண்டு கையையும் நீட்டுவாய். "ஃபுல் மார்க்" என்பேன். எட்டு நாள் ஃபுல் மார்க்.

ஒன்பதாம் நாள் இடது மோதிர விரலில் ஒன்று, கட்டை விரலில் இரண்டு.

"என்னடா, சத்தத்தையே காணோம்?"

"ஒண்ணுமில்லப்பா. ஃபுல் மார்க்."

நீ நகத்தைப் பார்க்கவே இல்லை. என் முகத்தைத்தான் பார்த்தாய். விரல்களை மெதுவாக மடக்கிக்கொண்டாய். "உனக்குப் பொய் சொல்ல வராதுடா. போயி டாக்டருகிட்ட சொல்லு."

ஓடிப் போய்ச் சொன்னேன். மத்தியானம் உன்னை ஆபரேஷனுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். நீ திரும்பி வரவில்லை.

நான் சொல்லாமல் விட்டிருந்தால் அந்த ஒரு வாய்ப்பும் இருந்திருக்காது என்று டாக்டர் என் தோளைப் பிடித்துச் சொன்னார். சில நாள் அதை நம்புகிறேன். சில நாள், வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் அடுத்த நாள் காலையிலும் கையை நீட்டியிருப்பாயோ என்று தோன்றுகிறது. இரண்டையும் தூக்கிக்கொண்டுதான் நடக்கிறேன்.

போன வாரம் அம்மாவுக்குக் காய்ச்சல். டாக்டர் எதைக் கேட்டாலும் அம்மா ஒண்ணுமில்ல சார் என்றாள். நான் குறுக்கே புகுந்தேன். எத்தனை நாளாக, எந்த மாத்திரை, எங்கே வலி, எதை மறைக்கிறாள், எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா என்னை முறைத்தாள். சொல்லி முடித்ததும் அவள் கையை இழுத்து, பத்து நகங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன், அப்பா.